மெக்ரிட்சி ஏரியும் சில பால்மரங்களும்

தமிழிலக்கியம் கற்பிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு மரத்தைக் கண்ணால் காணாமலேயே அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிடலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் 99 பூக்களை 2003ஆம் ஆண்டிலிருந்து வகுப்பில் சொல்லி வருகிறேன். அவற்றுள் நான் நேரில் பார்த்துப் பெயர் சொல்லக் கூடியவை இருபதைத் தாண்டா. மாணவியர் எவரும் அதைக் கேட்டதில்லை. நானும் வலிந்து சொன்னதில்லை. உரையாசிரியர் காட்டிய பொருளைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் அன்றைய கடமை முடிந்தது.

இப்படிப்பட்ட நான் 2024 டிசம்பரில், சிங்கப்பூரின் நடுவே இருக்கும் ஒரு காட்டில், பெயர்ப்பலகை ஏதுமின்றி நின்ற மரம் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொன்னேன். உடன் வந்த தம்பி வியந்து போனான். அவன் வியப்பைவிட என் வியப்பு பெரிது. அந்த மரத்தை அதற்கு முன் நான் கண்டதேயில்லை.

தம்பி அங்கே பதினைந்து ஆண்டுகளாக வேலையில் இருக்கிறான். பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த களைப்போடு பத்து நாள் அவன் வீட்டில் தங்கப் போயிருந்தேன். முதல் நான்கு நாள்களும் எல்லாரும் செய்வதையே செய்தோம்: தேக்காவில் சுற்றினோம், கோயிலுக்குப் போனோம், ஊருக்குத் தைலப் புட்டிகள் வாங்கினோம். ஐந்தாம் நாள், "மரம் இருக்கிற இடமா எங்கேயாவது போகலாமேடா" என்றேன். அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். பள்ளி விடுமுறையாதலால் அவனுடைய பத்து வயது மகளும் வந்தாள். அங்கே மரங்களின் உச்சிக்கு மேலே 250 மீட்டர் நீளத்தில் ஒரு தொங்குபாலம் இருக்கிறது, 2004இல் திறந்தது, அதைத்தான் எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் போனது திங்கட்கிழமை. திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும் என்பது பூங்கா வாசலுக்கு வந்த பிறகே தம்பிக்கு நினைவு வந்தது. என் தம்பியின் ஏற்பாடுகள் சிறு வயதிலிருந்தே இப்படித்தான்.

பேருந்திலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்ததும் ஏரி தெரிந்துவிடுகிறது. காலை ஏழரை மணி. நீரின் மேல் மெல்லிய ஆவி படர்ந்திருந்தது. அக்கரை முழுவதும் காடு. ஓட்டப்பயிற்சி செய்பவர்கள், நாயோடு நடப்பவர்கள், குழுவாகக் கைகளை அசைத்து உடற்பயிற்சி செய்யும் சீன முதியவர்கள் எனக் கரை முழுதும் ஆள் நடமாட்டம் இருந்தது. ஆயினும் ஓசை இல்லை. படித்துறையின் அருகே இருந்த ஓர் இருக்கையில் அமர்ந்து காலணி வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், என் சேலையைப் பார்த்து ஊரிலிருந்து வந்தவள் என்று ஊகித்திருக்க வேண்டும், நிமிர்ந்து புன்னகைத்து, "பசியாறிட்டீங்களாம்மா?" என்றார்.

"சாப்பிட்டாச்சுங்க" என்றேன்.

பெரியவர் தலையை அசைத்துவிட்டு நடையைத் தொடங்கினார். எனக்குத்தான் இரண்டு நிமிடம் கால் எழவில்லை. அந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டது 2016இல், என் அப்பாவின் வாயிலிருந்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஏரி.

இதை ஏரி என்று நான் சொல்வது பழக்கத்தால். முறையாகச் சொன்னால் நீர்த்தேக்கம். சிங்கப்பூர் நகரத்திற்குக் குழாய்வழிக் குடிநீர் வேண்டுமென்று 1857இல் டான் கிம் செங் என்ற வணிகர் 13,000 வெள்ளி நன்கொடை கொடுத்தார். அந்தப் பணத்தில் தொடங்கிய முயற்சி பல தடுமாற்றங்களுக்குப் பிறகு 1868இல் இந்தத் தேக்கமாக முடிந்தது. கொடுத்தவர் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே இறந்துவிட்டார். பின்னாளில் இதை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922இல் சூட்டினார்கள். நம் ஊரில் குளம் வெட்டியவன் பெயர் மறைந்து வெட்டுவித்தவன் பெயர் நிற்கும். இங்கே பணம் கொடுத்தவர் பெயரும் நிற்கவில்லை, கரையை உயர்த்திய பொறியாளர் பெயர் நின்றுவிட்டது. மண் சுமந்தவர்கள் பெயர் எங்கும் நிற்பதில்லை என்பது தனிக்கதை.

ஏரிக்கு நீர் வேண்டுமானால் சுற்றிலும் காடு வேண்டும் என்ற அறிவினால்தான் இந்தக் காடு தப்பியது. மெக்ரிட்சியும் அதன் வடக்கே உள்ள மற்ற மூன்று தேக்கங்களும் சேர்ந்த நீர்ப்பிடிப்புப் பகுதி 2000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. சாலையும் கட்டடமும் நெருக்கும் ஒரு சிறு தீவின் நடுவே இவ்வளவு பெரிய பச்சையா என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆதிகாலந்தொட்டு இருந்து வரும் காடு என்றே நினைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சும் விட்டேன்.

அது பாதி உண்மைதான். பழைய காடு இங்கே துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தீவின் காடுகள் கேம்பியர் பயிருக்காக அழிக்கப்பட்டன. கேம்பியர் என்பது வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டிக்கு நெருங்கிய உறவு; தோல் பதனிடவும் சாயத்திற்கும் ஏற்றுமதியானது. அதன் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குச் சுற்றுக்காடு வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மண் சத்திழந்து போகும், விறகும் தீரும், பயிரிட்டவர்கள் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். பின்னால் மிஞ்சுவது கோரைபோல் மண்டும் லாலான் புல். 1883இல் கேன்ட்லி என்ற அதிகாரி காடுகளின் நிலை குறித்து அறிக்கை எழுதி எச்சரித்த பிறகே ஒதுக்குக்காடுகள் பிறந்தன. அடுத்து வந்தது ரப்பர். ஆகவே நாம் நடக்கும் பாதையின் இருபுறமும் வானுயர நிற்பவற்றுள் பெரும்பகுதி, வெட்டி, நட்டு, கைவிட்டு, மறுபடியும் தானாக முளைத்த காடு. மூன்றாம் பதிப்பு என்று சொல்லலாம். முதற்பதிப்பின் சில ஏடுகள் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏரிக்கரையை ஒட்டிச் செல்லும் பாதையில் பாதித் தூரம் மரப்பலகை பாவியிருக்கிறார்கள். பலகைக்கடியில் நீர் தளும்பும். பாதைகளுக்குப் பெத்தாய், ஜெரிங், செம்பெராய் என்று மரங்களின் பெயர். பெத்தாயும் ஜெரிங்கும் மலாய்க்காரர் விரும்பியுண்ணும் காய்கள். ஜெலுத்தோங் என்று இன்னொரு மரம். அதன் பெயரில் ஒரு கண்காணிப்புக் கோபுரமே உண்டு. அதன் பாலிலிருந்து ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்களாம். 1992 முதல் சூயிங்கம் விற்கத் தடை உள்ள நாட்டில் அந்த மரத்துக்குக் கோபுரம் கட்டிப் பெருமை செய்திருப்பதை எண்ணிச் சிரித்தேன். தம்பி, "அக்கா, இங்கே சிரிக்கத் தடையில்லை" என்றான்.

குரங்குகள் நிறைய. நீண்ட வாலுடைய அவை வழிப்போக்கர் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையை நோட்டமிட்டபடி கைப்பிடிச் சட்டத்தின் மேல் வரிசையாக அமர்ந்திருந்தன. நான்கு மொழி அறிவிப்புப் பலகை ஒன்றைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். தமிழாசிரியை எந்த நாட்டுக்குப் போனாலும் ஒற்றுப்பிழை தேடாமல் இருக்க மாட்டாள். பிழை கிடைக்கவில்லை, சற்றே ஏமாற்றம். ஓரிடத்தில் ஆளுயர உடும்பு ஒன்று கரையேறி, எங்களை ஒரு பொருட்டாகவும் மதியாமல், பலகையைக் குறுக்காகக் கடந்து போயிற்று. சின்னவள் அசையாமல் நின்று வழிவிட்டாள். அவர்களுக்குப் பள்ளியிலேயே இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் போலும்.

பலகைப்பாதை முடிந்து மண்பாதை காட்டுக்குள் திரும்பிய இடத்தில்தான் அதைப் பார்த்தேன்.

சாம்பல் பூத்த பட்டை. நெடுநெடுவென்று மேலே போய்க் கிளைத்திருந்தது. உதிர்ந்து கிடந்த இலைகள் காம்பு ஒன்றுக்கு மூன்றாக, வில்வம்போல, ஆனால் வில்வத்தைவிட நீளமாக இருந்தன. அடிமரத்தைச் சுற்றிக் கொடி ஏறியிருந்தது. கொடியை விலக்கிப் பார்க்கவில்லை. பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஆனால் பாதையோரத்திலேயே, ஈர இலைகளின் நடுவே, பழுப்பு நிறத்தில் கரும்புள்ளியும் கோடுமாக, பளபளவென்று ஒரு விதை கிடந்தது. குனிந்து எடுத்தேன். கையிலெடுத்த கணமே, "பால்மரம்டா" என்றேன்.

"என்ன பால்மரம்?" என்றான் தம்பி.

"ரப்பர். அப்பாவோட மரம்."

எங்கள் வீட்டில், துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில், பழைய பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு. அதில் இதே விதைகள் பதினெட்டு இருந்தன. சிறுவயதில் அவற்றைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் தம்பியின் தொடையில் வைப்பேன். அவன் அலறுவான். விதைகளோடு ஒரு வளைந்த முனையுள்ள கத்தியும் இருந்தது. அவை அப்பாவின் சொத்து. 1970இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது அவர் கொண்டுவந்தவற்றுள் எஞ்சியவை.

அப்பாவின் அப்பா 1937இல் கங்காணி ஒருவர் பேச்சை நம்பி மலேயாவுக்குக் கப்பலேறியவர். அடுத்த ஆண்டே அவ்வாறு கூலிகளை அனுப்புவதற்கு இந்திய அரசு தடை போட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் எங்கள் குடும்பத்தின் கதையே வேறு. அப்பாயியும் உடன் போனார். கடல்வழிப் பிரிவில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொல்வதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அப்பாயியின் முகம் நினைவுக்கு வரும். இலக்கணத்தைக் கங்காணி படித்திருக்க நியாயமில்லை. ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் ஊருக்குச் சில மைல் தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே லயத்து வீட்டில் 1944இல் அப்பா பிறந்தார். பதின்மூன்று வயதில் பால்வெட்டுக்குப் போனார். 1968இல் மலேசியா கொண்டுவந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமாயிற்று. குடியுரிமைத் தாள்களைப் பற்றி யாரும் தாத்தாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வாசிக்கத் தெரிந்திருக்காது. ஆயிரக்கணக்கானோர் திரும்பினார்கள். அப்பா பிறந்த ஊரை விட்டுத் தான் ஒருபோதும் பார்த்திராத சொந்த ஊருக்குத் திரும்பினார். திரும்பினார் என்ற சொல் இங்கே பொருந்துமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் பேசும் தமிழ் எங்கள் ஊரில் வேடிக்கைப் பொருளாயிற்று. காலை வேலைப்பதிவுக்குப் 'பிரட்டு' என்பார். எழுத்தர் 'கிராணி'. களையெடுப்பு முதலிய வேலைகள் 'வெளிக்காட்டு வேலை'. மரத்தில் பால் வழிந்து விழும் கோப்பை 'மங்கு'. வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்பு 'காண்டா'. ஓர் ஆள் ஒரு காலையில் வெட்ட வேண்டிய மரவரிசை 'நிரை'. காலைச் சாப்பாடு பசியாறல். யாரைப் பார்த்தாலும் முதற்கேள்வி, "பசியாறியாச்சா?" ஊரில் அவருக்கு 'மலேயாக்காரர்' என்பதைவிடப் 'பசியாறி' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. பள்ளியில் என்னையும் 'பசியாறி மகளே' என்று கூப்பிடுவார்கள்.

1999இல் நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரித் தோழியர் நால்வர் ஒரு ஞாயிறன்று வீட்டுக்கு வந்திருந்தனர். அப்பா உற்சாகமாகி, "வாங்கம்மா, பசியாறிட்டுப் பேசுங்க" என்றார். தேநீர் கொண்டுவந்து, "மங்கு சுடும், பாத்துப் பிடிங்க" என்றார். தோழியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒருத்தி, "மங்குன்னா என்னடி?" என்று என் காதில் கேட்டாள். நான் அனைவரும் கேட்கும்படி, அது மலாய்ச் சொல்லின் திரிபு, தமிழன்று என்று விளக்கம் சொன்னேன். அவர்கள் போன பிறகு அப்பாவிடம், "வீட்டுக்கு ஆளுங்க வந்தா நீங்க கொஞ்சம் பேசாம இருங்கப்பா" என்றேன்.

"சரி பாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு என்னைத் தேடி யார் வந்தாலும் அப்பா கொல்லைப்பக்கம் போய்விடுவார். கட்டுத்தறிக்கருகே கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்து, திருமணமாகி, விரிவுரையாளர் என்ற பெயர்ப்பலகை வாசலில் தொங்கிய காலத்திலும் அந்த வழக்கம் மாறவில்லை. நான் மாற்றச் சொல்லவும் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தம்பிக்கும் தெரியாது.

மெக்ரிட்சிக் காட்டில் அந்த விதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அப்பா சொன்னவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் எனக்குச் சொன்னவையல்ல. தம்பிக்கும் பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் மணலில் படம் கீறிச் சொன்னபோது நான் திண்ணையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டவை. விடியுமுன் நான்கு மணிக்கே எழ வேண்டும். வெயிலேறினால் பால் சுருங்கிவிடும். இடப்புறம் உயர்த்தி வலப்புறம் தாழ்த்திச் சாய்வாக வெட்ட வேண்டும். சீவல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூட இருக்கலாம், அவ்வளவுதான். ஆழம் போய்விட்டால் உள்மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் பட்டை மேடுபள்ளமாகப் புடைத்துவிடும், பிறகு அந்தப் பக்கம் கத்தி ஓடாது. "எலும்பைத் தொடாமத் தோலைச் சீவணும்" என்பார். ஒவ்வொரு நாளும் முந்தைய வெட்டுக்குக் கீழே ஓர் இழை. ஒரு பக்கம் தீர்ந்தால் மறுபக்கம். அதற்குள் முதற்பக்கம் புதுப்பட்டை கட்டிவிடும். மங்கில் பால் சேர்ந்ததும் வாளியில் ஊற்ற வேண்டும். கோட்டில் உறைந்து நிற்பது ஒட்டுப்பால்; அதையும் உரித்துச் சேர்க்க வேண்டும். மழை வந்து மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை.

மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் வெட்டும் இந்த வித்தை இங்கேதான், இந்தக் காட்டிலிருந்து சில மைல் தொலைவில்தான், உருவாயிற்று. பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திற்கு வந்தன. 1888இல் அங்கே இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, பட்டையைச் சிறிது சிறிதாகச் சீவும் முறையை ஆய்ந்து கண்டார். சட்டைப்பை நிறைய விதைகளை வைத்துக்கொண்டு எதிர்ப்பட்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் நடச் சொல்லி மன்றாடுவாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயரெடுத்தார். பிறகு மோட்டார் வாகனம் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை ஏறியது. மலேயா முழுவதும் காடழித்துப் பால்மரம் நட்டார்கள். வெட்டுவதற்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்தது. ரிட்லி நூறாண்டு வாழ்ந்து 1956இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு என் அப்பா கையில் கத்தியைப் பிடித்தார்.

பாலை என்ற மரம்தான் நம் பாலைத் திணைக்குப் பெயர் தந்தது என்பர். அதுவும் கீறினால் பால் சுரக்கும் மரமே. பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. அதிலும் தலையாயது பொருள்வயின் பிரிவு. இந்தப் பொருத்தத்தை அந்தக் காட்டில் நின்று நினைத்துக்கொண்டபோது எனக்கு முதலில் மகிழ்ச்சியும் உடனே எரிச்சலும் உண்டாயின. எதைப் பார்த்தாலும் ஒரு நூற்பாவுக்குள் மடித்து வைத்துவிடுகிற புத்தி. நேரசை, நிரையசை என்று ஆண்டுதோறும் யாப்பிலக்கணம் நடத்துகிறேன். அப்பாவின் நிரையில் எத்தனை மரங்கள் இருந்தன என்று ஒரு நாளும் கேட்டேனில்லை.

தம்பி சிங்கப்பூரில் வீடு எடுத்த பிறகு, 2013 வாக்கில், அப்பா ஒரு ஆசையைச் சொன்னார். "சிங்கப்பூர்ல இருந்து குளுவாங்கு பக்கந்தான். ஒரு தடவை போயி நிரையைப் பாத்துட்டு வந்துடலாம்." 1970இல் கப்பலுக்காகக் காத்திருந்த ஒரே ஒரு பகல் மட்டுமே அவர் சிங்கப்பூரில் இருந்திருக்கிறார். கடவுச்சீட்டு எடுக்க வேண்டும் என்றேன். தேர்வு முடியட்டும் என்றேன். முழங்கால் வலியோடு எப்படி நடப்பீர்கள் என்றேன். அந்தத் தோட்டமெல்லாம் இப்போது செம்பனையாக மாறியிருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது என்றும் சொன்னேன். மலேசியாவில் பெரும்பாலான ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் நான் அதைச் சொன்னது உண்மை என்பதற்காக அன்று. 2016 ஆடியில் அப்பா போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. இடி ஒன்று, உடனே கொட்டல். ஓடிப்போய் வழியில் இருந்த மழைக்குடிலில் ஒதுங்கினோம். அங்கிருந்து பார்த்தால் சரிவில் இன்னும் இரண்டு பால்மரங்கள் தெரிந்தன. மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நிற்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. நடுவே வேறு மரங்கள் வளர்ந்து வரிசையைக் குலைத்துவிட்டிருந்தன. இதே காட்டின் உட்புறத்தில் ஜப்பானியர் 1942இல் போர்க்கைதிகளைக் கொண்டு ஒரு கோயில் கட்டி, 1945இல் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள் என்று தம்பி சொன்னான். அதன் கற்தொட்டி மட்டும் இன்னும் புதரில் கிடக்கிறதாம். அதற்கு வழி கிடையாது.

"பிரேசில் மரம்னா இங்கே எப்படி இருக்கு?" என்றாள் சின்னவள். அவள் பாடத்தில் உள்நாட்டு மரம், வெளிநாட்டு மரம் என்று பிரித்துப் படித்திருக்கிறாள். வெளிநாட்டு மரம் காட்டுக்கு நல்லதில்லையாம். தாத்தா கதையை அவளுக்குச் சொன்னேன். கத்தி, மங்கு, காண்டா, நிரை எல்லாவற்றையும் அந்தந்தச் சொல்லாலேயே சொன்னேன். அவள் இடையிடையே, "மங்கு, மலாய்ல மங்கோக்" என்றும், "காண்டாவும் மலாய்தான்" என்றும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் குரலில் பழிப்பு இல்லை. தனக்குத் தெரிந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று கண்டுபிடித்தவள்போல மகிழ்ச்சிதான் இருந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து, "தொடையில சூடு வச்சியே, அந்த விதைதானே?" என்றான்.

மழை நின்றதும் கிளம்பினோம். விதை என் கைக்குள்ளேயே இருந்தது. கைப்பையைத் திறந்து அதைப் போட்டுக்கொள்ளப் போனேன்.

"அத்தை, இங்கேர்ந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றாள் சின்னவள்.

"ஒரே ஒரு விதைதானே கண்ணு."

"இலைகூட எடுக்கக் கூடாது. தப்பு."

தம்பி சிரித்துக்கொண்டே, "அவ விட மாட்டா" என்றான். நான் வந்த வழியே பத்தடி நடந்து, எடுத்த இடம் இதுதான் என்று தோன்றிய இடத்தில், ஈர இலைகளை ஒதுக்கி, விதையை வைத்தேன். வீட்டு டப்பாவில் இன்னும் பதினொன்று இருக்கின்றன. அப்பாவும் அவற்றை இப்படித்தான் தோட்டத்துத் தரையிலிருந்து பொறுக்கியிருப்பார். அவரைத் தடுக்க அன்று யாரும் இல்லை.

வாசலுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. சேலைக்கரை முழுவதும் சேறு. ஏரியின் மேல் வெயில் அடித்தது. படகுத்துறையில் பிள்ளைகள் துடுப்புப் படகுகளை நீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் கண்ட பெரியவர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இருக்கையில் குரங்கு ஒன்று அமர்ந்து வாலை நக்கிக்கொண்டிருந்தது.

உணவுக்கடையிலிருந்து வறுத்த வெங்காயத்தின் மணம் வந்தது. நான் சின்னவளின் தோளில் கைவைத்து, சொல்லிப் பழகாத வாயோடு, "வா, பசியாறலாம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, பசியாறுறது காலைலதான். இப்ப மத்தியானம்."